புற்றுநோய்: எவரும் எண்ணாத காத்திருப்பு நாட்கள்

மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. அந்த நாளுக்கும் முதலாவது சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடையில் எத்தனை நாட்கள் கழிகின்றன? வடக்கில் இந்த நோயோடு போராடிய எந்தக் குடும்பத்திடம் கேட்டாலும் கிளினிக் கொப்பியைப் புரட்டித் திகதிகளைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் முல்லைத்தீவு மாவட்டத்தில் எத்தனை நாட்கள், யாழ்ப்பாணத்தில் எத்தனை, கொழும்பில் எத்தனை என்று கேட்டால், மக்கள் எடுத்துப் பார்க்கக்கூடிய இடத்தில் அந்தக் கணக்கு இல்லை.

லண்டனில் இருக்கும் உறவினர்கள் அங்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லக் கேட்டிருப்போம். அது உண்மைதான். புற்றுநோய் என்ற சந்தேகத்தில் அனுப்பப்பட்டவருக்கு 28 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், 100 பேரில் 85 பேருக்காவது 62 நாட்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இங்கிலாந்து அரசு தனக்கு வைத்துக்கொண்ட அளவு. அந்த 62 நாள் இலக்கைப் பல ஆண்டுகளாக அவர்களால் எட்ட முடியவில்லை. எட்டவில்லை என்பது எல்லோருக்கும் தெரிவதற்குக் காரணம், ஒவ்வொரு மாதமும் வைத்தியசாலை வாரியாகக் கணக்கு வெளியிடப்படுவதுதான். எந்த ஊர் பின்தங்கியிருக்கிறது என்று அங்குள்ளவர்கள் கேள்வி கேட்க முடிகிறது.

நாட்கள் ஏன் முக்கியம்?

ஏழு வகைப் புற்றுநோய்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் பி.எம்.ஜே. மருத்துவச் சஞ்சிகை ஒரு கட்டுரை வெளியிட்டது. சிகிச்சை ஒவ்வொரு நான்கு வாரம் பிந்தும்போதும் இறப்பதற்கான அபாயம் பெரும்பாலும் 6 முதல் 13 வீதம் வரை கூடுகிறது என்பது அதன் முடிவு. மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை, நோயாளி முதன்முதலில் வைத்தியரிடம் வந்ததில் இருந்து 60 நாட்களுக்குள் நோயை உறுதிப்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு கிழமை பிந்திவிட்டதே என்று எவரும் கலங்கத் தேவையில்லை. ஆனால் கிழமைகள் மாதங்களாகும்போது, சத்திர சிகிச்சையோடு முடிந்திருக்கக்கூடிய நோய் வேறு உறுப்புகளுக்குப் போய்விடலாம்.

இந்தக் காத்திருப்பை ஒரே வரிசையாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது நான்கு வரிசைகள்.

முதலாவது: வீட்டில்

ஆரம்பத்தில் பெரும்பாலான புற்றுநோய்க் கட்டிகள் வலிப்பதில்லை. வலி இல்லாததால் வேலையும் நிற்பதில்லை. கணவரைப் போரில் இழந்து தனியாகக் குடும்பத்தை நடத்தும் ஒரு பெண்ணுக்கு வைத்தியசாலைக்குப் போகும் நாள் கூலி இல்லாத நாள். இலவச வைத்தியத்தின் செலவு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

எங்களுக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. உடம்பில் பழைய காயத் தழும்புகளோடு வாழ்பவர்கள் புதிதாக வரும் கட்டியையும் நோவையும் 'அது அந்த நேரத்துக் காயம்' என்று விட்டுவிடக்கூடும். பழைய காயம் இருந்த இடமாக இருந்தாலும், புதிதாகத் தடிப்பு வந்தால், வளர்ந்தால், காட்டத்தான் வேண்டும்.

இரண்டாவது: முதல் வைத்தியரிடம் இருந்து நிபுணரிடம்

வாய்ப்புண்ணுக்குப் பூச்சு மருந்து, வயிற்று நோவுக்குக் காஸ்ரிக் குளிசை, இருமலுக்குப் பாணி என்று மாதங்கள் போய்விடுவதுண்டு. மூன்று கிழமைக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, விழுங்கக் கஷ்டம், மாறாத குரலடைப்பு, மலத்தில் இரத்தம், மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, மார்பில் கட்டி அல்லது காம்பில் மாற்றம், காரணமில்லாமல் உடல் மெலிதல் ஆகியவற்றுக்கு ஒரே மருந்தை இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டு திரும்பக் கூடாது. 'நிபுணரிடம் அனுப்புவீர்களா?' என்று கேட்பது நோயாளியின் உரிமை. இலங்கையில் ஆண்களிடையே வாய்ப் புற்றுநோயும் பெண்களிடையே மார்பகப் புற்றுநோயும் முன்னிலையில் இருக்கின்றன. இரண்டுமே கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடங்களில் வருபவை. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் போடுகிறவர்கள் மாதம் ஒருமுறை கண்ணாடியில் வாயைப் பார்ப்பது பெரிய வேலை அல்ல.

மூன்றாவது: பயொப்சி முடிவு வரும் வரை

கட்டியில் இருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதுதான் பயொப்சி. கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்ற பயத்தில் இதை மறுக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். முறையாகச் செய்யப்படும் பயொப்சியால் நோய் பரவிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. அது இல்லாமல் எந்த மருந்து என்று தீர்மானிக்கவும் முடியாது. எடுத்த துண்டைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமூட்டி, நோயியல் நிபுணர் பார்க்கச் சில நாட்கள் ஆகும். அந்த வசதி இல்லாத வைத்தியசாலையில் எடுத்த துண்டு வேறு இடத்துக்குப் போய், முடிவு திரும்பி வர வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு ஹோர்மோன் தொடர்பான மேலதிகப் பரிசோதனைகளும் தேவை. முடிவு வந்து கோவையில் கிடக்க, நோயாளி வீட்டில் காத்திருப்பதும் நடக்கிறது. எந்தத் திகதியில், எந்த அறையில் முடிவைக் கேட்க வேண்டும் என்று பயொப்சி எடுக்கும் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

போரில் காயப்பட்டவர்களுக்கு ஒரு முக்கியமான விடயம். உடம்பில் ஷெல் துண்டோ சன்னமோ இருந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குத் திகதி எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் உலோகத்தை அசைக்கக்கூடும். கண், மூளை, முள்ளந்தண்டுக்கு அருகே இருந்தால் ஆபத்து. முன்கூட்டிச் சொன்னால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, செய்யலாமா, சி.ரி. ஸ்கான் போதுமா என்று வைத்தியர்கள் முடிவு செய்வார்கள். ஸ்கான் அறை வாசலில் சொன்னால் அன்று திரும்ப வேண்டியதுதான். அடுத்த திகதி எப்போது என்பது வேறு கதை.

நான்காவது: சிகிச்சைக்கான தூரம்

2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியில், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கட்டடம் எழுந்தது. அதற்குப் பிறகு மகரகமவுக்கு ஓட வேண்டிய தேவை பலருக்குக் குறைந்தது. ஆனால் முல்லைத்தீவு நகரில் இருந்து தெல்லிப்பழை 100 கிலோமீற்றருக்கும் மேல். நெடுந்தீவுக்காரருக்கு முதலில் படகு, பிறகு பஸ். கதிர் சிகிச்சை ஒருநாள் வேலை அல்ல. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கிழமைக்கு ஐந்து நாட்களாக ஆறு, ஏழு கிழமைகள் கொடுக்கப்படலாம். இடையில் நாட்களைத் தவறவிட்டால் பலன் குறைகிறது. தூரத்தால் சிகிச்சையைப் பாதியில் விடுகிறவரை எந்தக் காத்திருப்புப் பட்டியலும் காட்டாது.

மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்பப்படுகிறவர்களுக்குத் தங்குமிடமும் மொழியும் சேர்ந்து சுமையாகின்றன. சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்வதும், எல்லா அறிக்கைகளின் பிரதியையும் ஒரே கோவையில் வைத்திருப்பதும் அலைச்சலைக் குறைக்கும். செலவுக்கு ஜனாதிபதி நிதியத்திடம் உதவி கேட்க இப்போது கொழும்புக்குப் போகத் தேவையில்லை. 2025இல் இருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். நோயாளர்களுக்கான மாதாந்த உதவிப் பணம் பற்றி அங்குள்ள சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

நோய் வருமுன் செய்யக்கூடியவையும் இலவசமாகவே இருக்கின்றன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும், மார்பகப் பரிசோதனையும் செய்கிறார்கள். 2017இல் இருந்து ஆறாம் ஆண்டு மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி பாடசாலையில் போடப்படுகிறது. திகதி தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் போதும்.

கேட்க வேண்டிய ஒன்று

புதிய இயந்திரம், புதிய கட்டடம், கூடுதல் நிபுணர்கள் எல்லாம் தேவை. அவற்றுக்குப் பணமும் காலமும் வேண்டும். ஆனால் மூன்று திகதிகளை எழுதப் பெரும் பணம் வேண்டாம்: நோயாளி முதன்முதலில் வைத்தியரிடம் காட்டிய நாள், பயொப்சி முடிவு கையில் கிடைத்த நாள், சிகிச்சை தொடங்கிய நாள். இவற்றில் பல ஏற்கெனவே வைத்தியசாலைக் கோவைகளில் இருக்கின்றன. அவற்றை மாவட்டவாரியாகக் கூட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாகாண சுகாதாரத் திணைக்களம் வெளியிட்டால், எந்த வரிசையில், எந்த ஊரில் நாட்கள் வீணாகின்றன என்று தெரியவரும். பயொப்சி தாமதம் என்றால் ஆய்வுகூடத்துக்கு ஆள் கேட்கலாம். தூரம் என்றால் பஸ்ஸும் தங்குமிடமும் கேட்கலாம்.

அதுவரை அந்த மூன்று திகதிகளையும் உங்கள் வீட்டு நோயாளியின் கிளினிக் கொப்பி முதல் பக்கத்தில் நீங்களே எழுதிவையுங்கள். அடுத்த தடவை வைத்தியரைப் பார்க்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, இன்னும் எத்தனை நாட்கள் என்று கேளுங்கள்.