அயலூரிலிருந்து வீட்டுக் கணினியை இயக்குவது எங்ஙனம்?

யாழ்ப்பாணத்து வீட்டிலுள்ள லினக்ஸ் கணினியைப் பேராதனையிலோ மொறட்டுவையிலோ இருந்துகொண்டு இயக்குதல் கூடுமா என்று எம்மிடம் வினவும் மாணவர் பலர். கூடும். எந்த மென்பொருளைக் கொண்டு என்று அவர்கள் அடுத்துக் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகின்றது. வீ.என்.சீ., ஆர்.டீ.பீ., எக்ஸ்டூகோ, ரஸ்ட்டெஸ்க், எனிடெஸ்க் எனப் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். பெயரைத் தேடுமுன் தேவையைத் தேடுதல் நன்று. கோப்பொன்றை எடுப்பதா, முழுத் திரையையும் காண்பதா, வீட்டிலிருக்கும் தந்தையாருக்குத் தூரத்திலிருந்து உதவுவதா என்பதைப் பொறுத்தே தெரிவு அமையும்.

கோப்பை எடுப்பதும், எழுதிவைத்த நிரலை ஓடவிடுவதுமே நோக்கமாயின் திரையே வேண்டியதில்லை. எஸ்.எஸ்.எச். போதும். ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாட்டு யூலோனென் என்பார் 1995 இல் இதனை ஆக்கினார். அங்குள்ள வலையமைப்பில் எவரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடியமையே அவரைத் தூண்டியது. இதன் வழியே செல்வன யாவும் மறைகுறியாகவே செல்லும். எழுத்துக்கள் மட்டுமே பயணஞ் செய்வதனால், கைத்தொலைபேசியின் மெலிந்த இணைப்பிலும் வேலை தடையின்றி நடக்கும். மாணவர்களுள் பெரும்பாலோருக்கு உண்மையில் வேண்டியது இவ்வளவே என்பது எமது கருத்து.

திரையைக் காண விரும்புவோர் அதன் சுமையைச் சற்றே கணக்கிட்டுப் பார்க்கலாம். 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமுங் கொண்ட திரையில் 2,073,600 புள்ளிகள் உள. புள்ளியொன்றுக்கு 3 பைட்டு எனின் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 62 இலட்சம் பைட்டு. செக்கனுக்கு 30 படம் எனின் 18 கோடியைத் தாண்டிவிடும். இதனை அப்படியே அனுப்புவதற்கு நம் வீட்டு இணைப்பு இடங்கொடாது. ஆதலின், மாறிய பகுதியை மட்டும் அனுப்புதல், சுருக்கி அனுப்புதல் முதலிய உபாயங்களைக் கையாள்கின்றனர். அவ்வுபாயங்களிலேதான் மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

வீ.என்.சீ. இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரிலிருந்த ஒலிவெட்டி ஆய்வுகூடத்திற் பிறந்தது. திரையில் உள்ளது எதுவாயினும் அதனைப் படமாகவே கருதி அனுப்பும் எளிமையினால் எல்லாவகைக் கணினிக்கும் அது பொருந்திற்று. அதன் பழைய வடிவத்திலோ இரு குறைகள் இருந்தன. கடவுச்சொல்லில் முதல் 8 எழுத்துக்களையே அது கவனிக்கும். திரைப்படங்களை மறைக்காமலே அனுப்பும். டைகர்வீஎன்சீ போன்ற பிற்காலத்து வடிவங்கள் திருந்தியுள்ளன, எனினும் எஸ்.எஸ்.எச். என்னுங் குழாயினுள்ளே அதனைச் செலுத்துவதே பாதுகாப்பு.

ஆர்.டீ.பீ. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பிள்ளை. எக்ஸ்ஆர்டீபீ என்னும் மென்பொருளின் துணையால் லினக்ஸ் வீட்டிலும் அது குடிபுகுந்துவிட்டது. இது பெரும்பாலும் புதியதோர் அமர்வையே திறக்கும். வீட்டுத் திரையில் நீங்கள் திறந்துவைத்த கட்டுரை அங்கே தோன்றாது. இதனை அறியாமல் 'என் கோப்பு மறைந்துவிட்டதே' எனக் கலங்குவோர் உளர். எக்ஸ்டூகோவும் தனி அமர்வே திறப்பது. மெலிந்த இணைப்புக்கு மிகவும் உகந்தது. ஆயினும் எளிய திரைமுகப்புகளுடனேயே அது நன்கு ஒத்துப்போகும்.

இங்கே லினக்ஸ் உலகில் நிகழ்ந்த மாற்றமொன்றைக் கூறாது விடலாகாது. 1984 இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிலையத்தில் தோன்றிய எக்ஸ் என்னும் திரைமுறையில், ஒரு மென்பொருள் மற்றொன்றின் சாளரத்தைத் தாராளமாக எட்டிப்பார்க்கலாம். 2008 இல் தொடங்கப்பட்ட வேலண்ட் அதனை அனுமதிப்பதில்லை. உரியவர் சம்மதித்தாலன்றித் திரை வெளியே போகாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய மென்பொருள்கள் இதனாற் கறுப்புத் திரையைக் காட்டுகின்றன, அன்றேல் 'அனுமதிக்கலாமா?' என்ற வினா வீட்டுக் கணினியில் தோன்றி, விடையளிக்க ஆளின்றிக் காத்துக் கிடக்கின்றது. க்னோம் முகப்பைப் பாவிப்போருக்கு 2022 இல் வந்த 42 ஆம் பதிப்பு முதல் ஆர்.டீ.பீ. உடன் இணைந்தே வருகின்றது. 2024 இல் வந்த 46 ஆம் பதிப்பில், எவரும் உள்நுழைந்திராத கணினியினுள்ளும் தூரத்திலிருந்து நுழையலாம். ஆகவே உங்கள் கணினி எம்முறையில் இயங்குகின்றது என்பதை அமைப்புப் பக்கத்தில் முதலிற் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வாசற்கதவின் விடயம். இணைய நிறுவனங்கள் பல, ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. அந்நிலையில் வெளியிலிருந்து நேரே உங்கள் வீட்டைத் தேடிவர வழியில்லை. வழியிருப்பினும், ஆர்.டீ.பீ. யின் 3389 ஆம் வாயிலையோ வீ.என்.சீ. யின் 5900 ஆம் வாயிலையோ உலகுக்குத் திறந்துவைத்தல் பேதைமை. அவ்வாயில்களை ஓயாது தட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டோர் இருக்கின்றனர். 2020 முதல் லினக்ஸ் கருவிலேயே சேர்ந்துள்ள வயர்கார்ட் மூலம் தனிப்பாதை அமைப்பது ஒரு வழி. அதற்கு வெளியில் அறியப்பட்ட முகவரியொன்று எங்கேனும் வேண்டும். டீம்வியூவர், எனிடெஸ்க் போன்ற இடைத்தரகரை நாடுதல் மற்றொன்று. எண்ணொன்றைச் சொன்னால் இணைப்புக் கிட்டிவிடும். ஆனால் தரகரின் வீட்டிற் களவு நிகழ்ந்தால்? தன் சேவைக் கணினிகளுள் அந்நியர் புகுந்தனர் என எனிடெஸ்க் நிறுவனமே 2024 பெப்ரவரியில் அறிவித்தது. ரஸ்ட்டெஸ்க்கின் மூலநிரல் வெளிப்படையானது. இடைநிலைச் சேவையகத்தை நாமே நிறுவிக்கொள்ளவும் அது இடமளிப்பதால், அதனை நாம் பெரிதும் விரும்புகின்றோம்.

மென்பொருளைவிட மனிதரே எளிதில் ஏமாறுபவர். 'வங்கியிலிருந்து பேசுகின்றோம், திரையில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள்' என்று தொலைபேசியிற் கேட்டுப் பணத்தைக் கவரும் கூட்டம் பல நாடுகளிலும் உண்டு. மகன் கேட்டபோது எண்ணைச் சொல்லிப் பழகிய தாயார் அந்நியருக்கும் சொல்லிவிடலாம். எனவே பெற்றோருக்கு உதவுவதாயின், நிரந்தரக் கடவுச்சொல் வைக்காது, ஒவ்வொரு முறையும் அவர்கள் அனுமதித்தாலன்றித் திறவாதபடி அமையுங்கள். நீங்களே அழைத்தால் மட்டும் இசையும்படி சொல்லிவையுங்கள். இன்னொன்று: அதே கணினியில் தங்கை படிப்பாளாயின், அவள் அறியாமல் அவள் திரையை அண்ணன் காண்பது முறையன்று. அவளுக்கெனத் தனிக் கணக்கு அவசியம்.

ஊருக்குப் புறப்படுமுன், வீட்டு வைஃபையை விட்டுக் கைத்தொலைபேசி இணைப்பின் மூலம் ஒருமுறை நுழைந்து பாருங்கள். கணினி தானே உறங்கும் ஏற்பாட்டை நிறுத்திவிடுங்கள். மின்சாரம் நின்று மீண்டதும் தானாக எழும்படி அடிப்படை அமைப்பிற் குறித்துவையுங்கள். வன்தட்டு முழுவதையும் மறைகுறியாக்கியிருப்பின், எழுந்த கணினி கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும்; அப்போது வீட்டிலுள்ள ஒருவர்தான் அதனை அடித்துக்கொடுக்க வேண்டும்.