நிலக்கடலையில் சுருள் பூச்சி

மானாவாரி நிலக்கடலை தீய்ந்தாற்போல் தெரிந்தால், வறட்சி என்று எண்ணி மழைக்குக் காத்திருப்போர் உண்டு. அருகில் சென்று இலைகளைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். சுருள் பூச்சியின் தாக்குதலாகவும் இருக்கலாம்.

இதன் தாய் அந்துப்பூச்சி சுமார் 6 மி.மீ. நீளமே இருக்கும். சாம்பல் கலந்த பழுப்பு நிற முன் இறக்கையில் வெண்புள்ளி காணப்படும். இலைகளில் தனித்தனியாக முட்டையிடும். புழு இலையைக் குடைந்து, இரு தோல்களுக்கிடையே பச்சையத்தைத் தின்னும். 5, 6 நாட்களில் வெளிவந்து, இலைகளை நூலாம்படையால் பிணைத்து உள்ளிருந்து தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாக மாறும். 3 முதல் 4 வாரங்களில் ஒரு தலைமுறை முடிவதால், ஒரே பயிரில் பலமுறை பெருகும்.

திருவண்ணாமலை, விழுப்புரம் போன்ற மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில், மழை இடைவெளி நீளும்போது இது அதிகரிக்கும். கனமழை பெய்தால் குறையும். சோயா மொச்சையிலும் இது வாழுமாதலால், நிலக்கடலைக்குப் பின் அதனைப் பயிரிடலாகாது.

நான்கு வரிசைக்கு ஒரு வரிசை கம்பு ஊடுபயிராக விதைத்தால், புழுவை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் பெருகும். விளக்குப்பொறி வைத்து அந்துப்பூச்சிகளின் வரவை அறியலாம். ஒரு மீட்டர் வரிசைக்கு ஒரு புழு தென்பட்டாலே வேளாண்மை அலுவலரைக் கலந்து மருந்து தெளிக்கவும். இலைகள் பிணைந்து சுருண்டபின் மருந்து புழுவை எளிதில் எட்டாது.