42 வயதில் கிழிந்த ஜவ்வு

பேஸ்பால் என்றதும், "அதுக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் நண்பர்களே! கிரிக்கெட் தெரிந்தவனுக்கு பேஸ்பால் புரிய ஐந்து நிமிடம் போதும். பௌலருக்குப் பதில் அங்கே பிட்சர். இவர் ஓடி வருவதில்லை. பத்து அங்குல உயர மண்மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குலம் தள்ளி இருக்கும் இலக்குக்கு, தரையில் குத்தாமல் பந்தை எறிவார். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் அணிக்கு மூன்று அவுட். ஆரம்பித்த பிட்சர் களைத்து வெளியே போனால் அவர் மறுபடி வர முடியாது. அவருக்குப் பிறகு வருகிறவர்தான் ரிலீஃப் பிட்சர். கடைசி இன்னிங்ஸில், அணி மூன்று ரன்னுக்கு மேல் போகாத முன்னிலையில் தடுமாறும்போது வந்து முடித்துக் கொடுப்பவருக்கு 'குளோசர்' என்று பெயர். முடித்துக் கொடுத்தால் அவர் கணக்கில் ஒரு 'சேவ்'.

இந்த வேலையில் முதலிடம், நியூயார்க் யாங்கீஸ் அணியின் மரியானோ ரிவேராவுக்கு. பனாமா நாட்டு மீனவ கிராமத்துப் பையன். அப்பா மீன்பிடிப் படகு ஓட்டியவர். 'கட்டர்' என்ற ஒரே வகைப் பந்தை வைத்துக்கொண்டே காலம் தள்ளினார். கடைசி நொடியில் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும் பந்து அது. என்ன வரப்போகிறது என்று அடிப்பவனுக்குத் தெரியும், ஆனாலும் அடிக்க முடியாது! 2011 செப்டம்பரில் 602ஆவது சேவ் எடுத்து, அதுவரை டிரெவர் ஹாஃப்மன் வைத்திருந்த சாதனையைத் தாண்டினார்.

2012 மே 3. கான்சாஸ் சிட்டியில் ஆட்டம் தொடங்கும் முன் பயிற்சி. மற்றவர்கள் தூக்கி அடிக்கும் பந்துகளை மைதானத்தின் கோடி வரை ஓடிப் பிடிப்பது ரிவேராவின் பல வருடப் பழக்கம். உடற்பயிற்சிக்கு உடற்பயிற்சி, ஆசைக்கு ஆசை. அன்று புல் முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்தில் வலது முழங்கால் மடங்கி, சுவரோரம் விழுந்தார். ஏ.சி.எல். கிழிந்தது, மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பும் சேதம். வயது 42, சட்டை எண்ணும் 42. எல்லோரும் "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று நினைத்தார்கள். மறுநாளே பத்திரிகைக்காரர்களிடம், திரும்பி வருவேன், இப்படி விடைபெற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

'ஜவ்வு கிழிஞ்சிடுச்சு' என்று நம் ஊரில் பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோமே, அது என்ன? ஏ.சி.எல். என்பது முழங்காலுக்கு உள்ளே குறுக்காக ஓடும் லிகமென்ட். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல், திருகிக்கொள்ளாமல் பிடித்து வைக்கும் கயிறு. இளைஞன் ஒருவனின் நல்ல ஏ.சி.எல். சுமார் 2,000 நியூட்டன் இழுவிசை தாங்கும். 200 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுக் கூட வைக்கலாம். முழுசாக அறுந்த இந்தக் கயிறு பெரும்பாலும் தானாகச் சேராது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் ரத்தம் உறைந்து நின்று இரண்டு முனைக்கும் பாலம் போட வழியில்லை. எண்ணெய் தடவினால் கயிறு வராது.

ஆகவே விளையாட்டுக்காரர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் கயிற்றையே மாற்றுகிறார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ, பின்தொடையிலிருந்தோ டெண்டனில் ஒரு துண்டு எடுப்பார்கள். இரண்டு எலும்பிலும் டிரில் போட்டு, அந்தத் துண்டை நுழைத்து, ஸ்க்ரூ வைத்து இறுக்குவார்கள். அதில் ஒரு வகைக்குப் பெயர் 'இன்டர்ஃபியரன்ஸ் ஸ்க்ரூ'. லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ் பாடத்தில் தூங்காமல் இருந்தவர்களுக்கு இந்தப் பெயர் புரியும்!

இனிமேல்தான் முக்கியமான விஷயம். மாற்றி வைத்த டெண்டனுக்கு முதலில் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. அதிலுள்ள பழைய செல்கள் சாகும்; புது ரத்தக்குழாய்கள் முளைத்து, புது செல்கள் குடியேறி, அது மெல்ல மெல்ல லிகமென்ட்டாக மாற வேண்டும். வீட்டுக்குள் ஆள் இருக்கும்போதே தூணை மாற்றுகிற கதைதான். அந்த மாற்றம் நடக்கும் மாதங்களில், வைத்த அன்று இருந்த பலம்கூட அதற்கு இருக்காது. ஆனால் அதற்குள் தையல் ஆறியிருக்கும், வீக்கம் போயிருக்கும், வலியும் போயிருக்கும். அதாவது ஆள் 'நல்லாயிட்டேன்' என்று நம்பத் தொடங்கும் காலத்தில்தான் உள்ளே கயிறு ரொம்பவும் பலவீனமாக இருக்கிறது! போதாததற்குத் தொடைத் தசையும் சுருங்கிப் போயிருக்கும். அதை மறுபடி ஏற்ற மாதக்கணக்கில் ஆகும்.

இதை எழுதுகிற என் இடது முழங்காலிலும் அப்படி ஒரு ஸ்க்ரூ இருக்கிறது, கபடி உபயம். ஆபரேஷனுக்குப் பின் ஐந்தாவது மாதம் மண்டலப் போட்டி வந்தது. "மாடிப்படி ஏறுறே, சைக்கிள் மிதிக்கிறே, மேட்சுக்கு மட்டும் கால் வராதாடா?" என்று டீம்காரர்கள் கேட்டார்கள். நான் இறங்கவில்லை. இரண்டு பாயின்ட்டில் தோற்றோம். அந்தக் கோபம் சிலருக்கு இன்னும் ஆறவில்லை என்பது எனக்குத் தெரியும். அன்று ஹாஸ்டல் வாசலில் எனக்கு விளக்கத் தெரியவில்லை. மேலே எழுதியிருக்கும் பாராவை அவர்கள் இரண்டு தடவை படிக்கட்டும்.

ரிவேராவுக்கு உடனே ஆபரேஷன்கூட நடக்கவில்லை. கெண்டைக்காலில் ரத்தக்கட்டி இருப்பது தெரிந்ததால் முதலில் அதற்கு மருந்து. ஜூன் 12ஆம் தேதிதான் நியூயார்க்கில் கத்தி வைத்தார்கள். எறிவது கைதானே, காலுக்கு என்ன என்று கேட்பீர்கள். வலது கையால் எறிகிறவர் வலது காலை ஊன்றி உந்தித்தான் உடம்பை முன்னால் தள்ளுகிறார். இடது கால் போய் இறங்கும். இடுப்பு, தோள் வழியாகக் கைக்குப் போகும் விசை அந்த உந்துதலில்தான் பிறக்கிறது. ரிவேராவுக்குப் போனது அந்த உந்துகிற கால். பந்து மெதுவாக உருண்டு வந்தால் பாய்ந்து எடுத்துத் திரும்பி எறிய வேண்டிய வேலையும் பிட்சருக்கு உண்டு. ஏ.சி.எல்.லுக்கு எமன் அந்தத் திருப்பம்தான். ஒரு இன்னிங்ஸ் மட்டுமே எறிவதால் மொத்தச் சுமை குறைவு என்பது உண்மை. ஆனால் இன்று, நாளை, நாளை மறுநாள் என்று எப்போது கூப்பிட்டாலும் போக வேண்டும்.

அந்த வருடம் அவருடைய இடத்தில் ரஃபேல் சொரியானோ 42 சேவ் எடுத்தார். அணி ஜெயித்தபடியே இருந்தது. ரிவேரா அவசரப்பட்டு நடுவில் புகவில்லை. ஆபரேஷன் முடிந்து ஏறக்குறைய ஒன்பது மாதம் கழித்து, 2013 மார்ச் 9 அன்று காலை, இதுவே தன் கடைசி வருடம் என்று அறிவித்தார். அன்றே பயிற்சி ஆட்டத்தில் ஒரு இன்னிங்ஸ் எறிந்தார். எதிரணியில் ஒருவர்கூட பேஸை அடையவில்லை. ஏப்ரல் 4 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு எதிராக அந்த வருடத்தின் முதல் சேவ்.

அதற்குப் பிறகு எல்லாம் சினிமா மாதிரி போனது என்று சொல்ல மாட்டேன். ஆகஸ்டில் தொடர்ந்து மூன்று வாய்ப்புகளில் முன்னிலையைக் கோட்டைவிட்டார். அவர் வாழ்க்கையில் அதுவரை அப்படி நடந்ததே இல்லை. இருந்தும் வருடக் கடைசியில் எண்ணினால் 44 சேவ், மொத்தம் 652. அதை இன்னும் யாரும் தொடவில்லை.

2013 செப்டம்பர் 26 அன்று யாங்கீஸ் மைதானத்தில் கடைசியாக எறிந்தார். அணி 4-0 என்று பின்தங்கியிருந்தது, சேவுக்கே இடமில்லை. எட்டாவது இன்னிங்ஸில் வந்து நான்கு பேரைச் சந்தித்தார், நான்கு பேரும் அவுட். ஒன்பதாவதில் இன்னும் ஒரு அவுட் பாக்கி இருக்கும்போது, அவரை மாற்ற மேனேஜருக்குப் பதிலாகப் பழைய சகாக்கள் ஆண்டி பெட்டிட்டும் டெரிக் ஜீட்டரும் மேட்டுக்கு நடந்து வந்தார்கள். பந்தைக் கொடுத்துவிட்டு, பெட்டிட்டின் தோளில் முகம் புதைத்து வெகுநேரம் அழுதார்.