பாறைக்குள் ஒரு வரவு செலவுக் கணக்கு

2024ஆம் ஆண்டுக் கோடையில், பெங்களூரு நகரின் 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் சுமார் 6,900 வறண்டுவிட்டதாகக் கர்நாடகத் துணை முதலமைச்சர் டி.கே. சிவகுமார் தெரிவித்தார். நிலத்தடியில் நீர் எங்குள்ளது, எப்பக்கம் நகர்கிறது என்பதை அறியாமல் துளையிட்டால் பணம் வீணாகும், நீரும் கிட்டாது. இதே வினா, பன்மடங்கு பெரிய செலவுடன், எண்ணெய் வயல்களிலும் எழுகிறது.

கச்சா எண்ணெய் நிலத்தடியில் ஏரிபோல் தேங்கி நிற்பதில்லை. பஞ்சு நீரை ஏந்துவதுபோல், பாறையின் நுண்துளைகள் அதனை ஏந்தியிருக்கின்றன. மும்பைக்கு மேற்கே சுமார் 160 கி.மீ. தொலைவில் அரபிக் கடலில் உள்ள 'மும்பை ஹை' வயல் 1974இல் கண்டறியப்பட்டது. 1976இல் உற்பத்தி தொடங்கியது. அங்கு எண்ணெயைப் பெரும்பாலும் ஏந்தியிருப்பது சுண்ணாம்புப் பாறை.

எண்ணெயை எடுக்க எடுக்கப் பாறைக்குள் அழுத்தம் குறையும். அதனை ஈடுகட்ட நீரைச் செலுத்துவர். ஆனால் பாறையின் எல்லா அடுக்குகளும் நீரை ஒரே வேகத்தில் விடுவதில்லை. எளிய வழி கண்ட நீர் விரைந்து கிணற்றை அடைந்துவிட்டால், எண்ணெயின் பெரும்பகுதி பின்தங்கிவிடும். பிறகு அதனை மீட்பது கடினம்.

இதனை முன்கூட்டியே அறியக் கணினி மாதிரி உதவுகிறது. பாறைத்தேக்கத்தை இலட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரிப்பர். ஒவ்வொரு கட்டத்திலும் உள்வந்த திரவம், வெளியேறிய திரவம், எஞ்சிய இருப்பு ஆகியவை கணக்கிடப்படும். வங்கிக் கணக்கேட்டின் முறையும் இதுவேயன்றோ! திரவம் எவ்வளவு விரைவாக நகரும் என்பதை, பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி மணலில் நீரைச் செலுத்திக் கண்டு, 1856இல் வெளியிட்ட விதி கூறுகிறது. பெங்களூரின் நிலத்தடி நீரை ஆராய்வோருக்கும் அதுவே அடிப்படை.

மாதிரி சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது. கிணறுகளின் கடந்தகால உற்பத்தியையும் அழுத்தத்தையும் அது சரியாகக் காட்டுகிறதா என்று முதலில் ஒப்பிடுவர். பொருந்தாவிடில் பாறையின் பண்புகளைத் திருத்துவர். ஆயினும், கடந்தகாலத்துடன் பொருந்தும் மாதிரிகள் பல இருக்கக்கூடும். எனவே ஒரே விடையை நம்பாமல், பல மாதிரிகளை ஓட்டிப் பார்த்த பின்னரே புதிய கிணற்றுக்கு இடம் குறிப்பர்.

இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. பாறைக்குள் கைவிடப்படும் ஒவ்வொரு பீப்பாயும் அந்நியச் செலாவணியாக வெளியே செல்கிறது. முதலீட்டுக்கு முன் நாம் கடந்த கால ஏடுகளைப் புரட்டி, இலாபம் நட்டம் இரண்டையும் எண்ணிப் பார்ப்பதுபோல், துளையிடும் முன் பாறையின் கணக்கையும் பார்ப்பதே நாட்டுக்குச் சேமிப்பு.