மருந்து பலனளிக்காதபோது அடுத்த படி எது?

மதுப்பழக்கத்திற்குச் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் குடும்பத்தார் பலர் கேட்கும் வினா ஒன்று உண்டு: "மருந்து சாப்பிட்டும் இரண்டு நாள் குடித்துவிட்டார், இனி இந்த மருந்து எதற்கு?" ஊகத்தால் விடை கூற இயலாத வினா இது. ஆய்வே இதற்கு வழிகாட்ட வேண்டும்.

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தீங்கு தரும் அளவில் மது அருந்திய 377 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2017இல் வெளியான அதன் முடிவின்படி, பயிற்சி பெற்ற ஆலோசகர்களின் சில அமர்வுகளுக்குப் பின், மூன்றாம் மாதத்தில் 36 விழுக்காட்டினர் அந்நிலையிலிருந்து மீண்டனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் மீண்டவர் 26 விழுக்காட்டினர். ஆலோசனை பயனுடையது என்பது தெளிவு. எனினும், மீளாத ஏனையோருக்கு அடுத்து என்ன செய்வது?

அவ்வினாவிற்கென அமைந்ததே தகவமைப்பு ஆய்வு முறை. இதில் ஒரே சிகிச்சை இறுதிவரை நீடிப்பதில்லை. நோயாளி அடையும் பலனுக்கேற்ப அடுத்த படி மாறும். அம்மாற்றமும் ஆய்வாளரின் விருப்பப்படி நிகழ்வதன்று. ஆய்வு தொடங்குமுன்னரே எழுதப்பட்ட விதியின்படி நிகழ்வது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆஸ்லின் நடத்திய ஆய்வு இதற்குச் சான்று. மதுவுக்கு அடிமையானோர் அனைவருக்கும் முதலில் நால்ட்ரெக்சோன் மாத்திரை வழங்கப்பட்டது. எட்டு வாரங்களுக்குள் இரண்டு நாள் மிகுதியாகக் குடித்தாலே பலனில்லை எனக் கொள்வதா, ஐந்து நாள் வரை பொறுப்பதா என்பது ஒவ்வொருவருக்கும் குலுக்கல் முறையில் முடிவாயிற்று. பலன் கண்டோர் வழக்கமான கவனிப்பையோ, மாத்திரையுடன் தொலைபேசி ஆலோசனையையோ பெற்றனர். பலன் காணாதோர் எவரும் கைவிடப்படவில்லை. அனைவரும் கூடுதல் ஆலோசனை பெற்றனர். ஒரு சாராருக்கு அத்துடன் நால்ட்ரெக்சோன் தொடர்ந்தது. மறு சாராருக்கு மருந்தற்ற மாத்திரை தரப்பட்டது.

குடும்பத்தார் இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்றுண்டு. மீண்டும் குடித்த நாள் மறைக்க வேண்டிய குற்றமன்று. சிகிச்சையை மாற்ற உதவும் செய்தி. நாளும் அளவும் குறித்து வைத்து மருத்துவரிடம் கூறுங்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். ஆகவே மருத்துவரின் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும்.

இத்தகைய ஆய்வில் சேர அழைப்பு வந்தால் தயங்காது கேளுங்கள்: நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்துள்ளதா? இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா? எந்நிலையில் சிகிச்சை மாறும்? மருந்தற்ற மாத்திரை தரப்படுமா? ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர்ப் பகுதிகளிலிருந்து திருத்தணிக்கு வருவோர் தெலுங்கில் கேட்டுப் பெறலாம். எப்போது வேண்டுமாயினும் ஆய்விலிருந்து விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை தடைபடலாகாது.

போதை மீட்பு ஆலோசனைக்குரிய தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண்: 14446.