அமுக்கப் புண்: தோல் உடையும் முன்னரே அறிந்துகொள்வோம்

மாணவர்களே, இடுப்பு எலும்பு முறிந்து உங்கள் அம்மம்மா படுக்கையில் இருக்கின்றார் என வைத்துக்கொள்வோம். நேரத்துக்கு மருந்தும் உணவும் கொடுக்கப்படுகின்றன. ஆயினும் சில நாட்களில் முதுகின் அடிப்பகுதியில் ஒரு சிவந்த அடையாளம் தோன்றுகின்றது. “படுத்திருப்பதால் வந்தது, போய்விடும்” என விட்டுவிடலாமா? கூடாது. அது அமுக்கப் புண்ணின் முதல் நிலையாக இருக்கலாம். இதனைப் படுக்கைப் புண் எனவும் அழைப்பர்.

எவ்வாறு ஏற்படுகின்றது?

அமுக்கம் = விசை ÷ பரப்பளவு என்பதை விஞ்ஞான பாடத்தில் கற்றுள்ளீர்கள். அதனை இங்கு பிரயோகித்துப் பார்ப்போம். ஒரு காலின் நிறையில் 20 N குதிக்காலில் 4 சதுர சென்ரிமீற்றர் பரப்பில் தாங்கப்படுகின்றது எனக் கொள்வோம்.

அமுக்கம் = 20 ÷ 0.0004 = 50 000 Pa

அதே நிறை கெண்டைக்காலின் கீழ் வைத்த தலையணையில் 100 சதுர சென்ரிமீற்றர் பரப்பில் தாங்கப்பட்டால்,

அமுக்கம் = 20 ÷ 0.01 = 2 000 Pa

தோலின் மயிர்த்துளைக் குழாய்களில், நாடிப் பக்க முனையில் குருதியமுக்கம் ஏறத்தாழ 32 மில்லிமீற்றர் இரசம், அதாவது ஏறக்குறைய 4 300 Pa ஆகும். வெளியிலிருந்து இதனைவிடக் கூடிய அமுக்கம் நீண்ட நேரம் தொடர்ந்தால் அக்குழாய்கள் நசிந்து குருதியோட்டம் தடைப்படலாம். அப்போது கலங்களுக்கு ஒட்சிசனும் போசணையும் கிடைப்பதில்லை. இழையம் இறக்கத் தொடங்குகின்றது.

நாம் உறங்கும்போது எம்மை அறியாமலே புரண்டு படுக்கின்றோம். பாரிசவாதம், முண்ணாண் காயம், முதுமை என்பவற்றால் அசைய முடியாதவருக்கு அது இயலாது. நீரிழிவினால் உணர்ச்சி குறைந்தவர் நோவையும் அறியமாட்டார். சிறுநீரால் தோல் ஈரமாக இருத்தல், போசணைக் குறைபாடு, படுக்கையில் வழுக்கி இறங்கும்போது ஏற்படும் உராய்வு என்பன ஆபத்தை மேலும் கூட்டுகின்றன.

எங்கே பார்க்க வேண்டும்?

எலும்பு தோலுக்கு அண்மையில் உள்ள இடங்களைத் தினமும் பாருங்கள்.
• மல்லாந்து படுப்பவர்: தலையின் பின்புறம், தோட்பட்டை, முழங்கை, முள்ளந்தண்டின் அடிப்பகுதி, குதிக்கால்
• பக்கவாட்டில் படுப்பவர்: காது, தோள், இடுப்பின் பக்கம், முழங்கால், கணுக்கால்
• சக்கர நாற்காலியில் இருப்பவர்: இருக்கையில் அழுந்தும் எலும்புகள்

எவ்வாறு இனங்காண்பது?

சிவந்த இடத்தை விரலால் மெதுவாகச் சில செக்கன்கள் அழுத்தி எடுங்கள். வெளிறிப் பின் சிவந்தால் குருதியோட்டம் உள்ளது. வெளிறாமல் சிவப்பாகவே இருந்தால் பாதிப்பு தொடங்கிவிட்டது எனக் கருத வேண்டும். கருமையான தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. எனவே சுற்றியுள்ள தோலுடன் ஒப்பிட்டு நிறம் கருமையாகவோ ஊதாவாகவோ மாறியுள்ளதா, தொடும்போது சூடாக, குளிராக, கடினமாக அல்லது மிருதுவாக உள்ளதா, நோ உள்ளதா எனப் பாருங்கள்.

நிலை 1: தோல் உடையவில்லை, அழுத்தினாலும் சிவப்பு மாறாது.
நிலை 2: மேற்றோல் உரிந்திருக்கும் அல்லது நீர்க்கொப்புளம் காணப்படும்.
நிலை 3: தோல் முழுவதும் அழிந்து கொழுப்பிழையம் தெரியும்.
நிலை 4: தசை, எலும்பு வரை புண் ஆழமாகும்.

நிலை 1 இல் புண்ணே இல்லை என்பதைக் கவனியுங்கள். இதனாலேயே 2016 இல் ஐக்கிய அமெரிக்க நிபுணர் குழுவொன்று ‘அமுக்கப் புண்’ என்பதற்குப் பதிலாக ‘அமுக்கக் காயம்’ எனும் பெயரை ஏற்றுக்கொண்டது. நிலை 1 இல் அமுக்கத்தை நீக்கினால் தோல் பெரும்பாலும் சில நாட்களில் தேறிவிடும். நிலை 4 குணமாக மாதக்கணக்காகலாம். தொற்று குருதியிற் பரவினால் உயிராபத்தும் ஏற்படும்.

எவ்வாறு தடுப்பது?

1. படுக்கையில் இருப்பவரை வைத்தியர் அல்லது தாதி கூறும் இடைவெளியில் திருப்புங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்பது பொதுவான வழக்கம். எலும்பு முறிவு உள்ளவரைத் திருப்பும் முறையைத் தாதியிடம் முதலில் கேட்டறியுங்கள்.
2. இழுக்காதீர்கள். இருவர் சேர்ந்து விரிப்புடன் தூக்கி நகர்த்துங்கள்.
3. கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்துக் குதிக்கால் படுக்கையில் தொடாதவாறு செய்யுங்கள்.
4. ஈரமான உடையை உடனே மாற்றி, தோலைக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். விரிப்பில் சுருக்கம் இருக்கக்கூடாது.
5. மீன், முட்டை, பருப்பு, பால் போன்ற புரத உணவுகளையும் போதிய நீரையும் கொடுங்கள். சிறுநீரக நோய் போன்றவை இருப்பின் வைத்தியரின் ஆலோசனைப்படி கொடுக்க வேண்டும்.

நினைவிற் கொள்க: சிவந்த இடத்தை எண்ணெய் பூசித் தேய்ப்பது தவறு. நடுவில் துளையுள்ள வளைய மெத்தையும் பொருத்தமற்றது. அதன் விளிம்பு குருதியோட்டத்தைத் தடுக்கின்றது. தோல் உடைந்திருந்தாலோ, துர்நாற்றம், சீழ், காய்ச்சல் காணப்பட்டாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

மாதிரி வினா

படுக்கையிலுள்ள ஒருவரின் குதிக்காலில் அழுத்தினாலும் மாறாத சிவப்பு காணப்படுகின்றது. (அ) இது எந்த நிலை? (ஆ) உடனடியாகச் செய்ய வேண்டியவை இரண்டு தருக.

விடை: (அ) நிலை 1. (ஆ) குதிக்கால் படுக்கையில் தொடாதவாறு உயர்த்தி வைத்தல். தேய்க்காமல் விட்டுத் தாதிக்கு அல்லது வைத்தியருக்கு அறிவித்தல்.

இவ்விடையைப் பரீட்சைக்காக மட்டும் மனனம் செய்யாதீர்கள். வீட்டில் படுக்கையிலிருக்கும் ஒருவரின் குதிக்காலை இன்று மாலையே பாருங்கள்.