நலமாக இருப்பவருக்கு மருந்து ஏன்?

நோயாளிக்கு மருந்து கொடுப்பது மருத்துவரின் கடமை. ஆனால் நோயின் அறிகுறி எதுவும் இல்லாதவரிடம், "இந்த மாத்திரைகளை விழுங்குங்கள்" என்று அரசு சொல்லலாமா? காவிரிப் படுகை மக்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. திருத்துறைப்பூண்டி அமைந்துள்ள திருவாரூர் மாவட்டமும், அண்டையிலுள்ள தஞ்சாவூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் யானைக்கால் நோய் பரவியிருந்த பகுதிகள். அந்நோயை ஒழிக்க இங்கு வீடு வீடாக மாத்திரைகள் வழங்கப்பட்டன.

நோய் பரவும் விதம்

யானைக்கால் நோயை உண்டாக்குவது நூலைப் போன்ற ஒரு புழு. முதிர்ந்த புழுக்கள் மனிதனின் நிணநீர் நாளங்களில் வாழ்கின்றன. அவை ஈனும் நுண்புழுக்கள் இரத்தத்தில் கலக்கின்றன. கியூலெக்ஸ் கொசு அந்த இரத்தத்தைக் குடிக்கும்போது நுண்புழுக்கள் கொசுவின் உடலுக்குள் செல்கின்றன. சுமார் இரண்டு வாரங்களில் வளர்ந்து, அடுத்தவரைத் தொற்றும் நிலையை அடைகின்றன. கொசுவின் உடலில் இவை வளர்வதை 1877-இல் சீனாவில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன் கண்டறிந்தார்.

படுகை எங்கும் நெல்வயல். ஆகவே வயல் நீர்தான் காரணம் என்று எண்ணத் தோன்றும். அது சரியன்று. இக்கொசு பெரிதும் பெருகுவது ஊருக்குள் தேங்கும் சாக்கடையிலும் கழிவுநீர்க் குட்டைகளிலுமே.

யாரால் பரவுகிறது?

கால் வீங்கியவரைக் கண்டு சிலர் ஒதுங்குகிறார்கள். ஆனால், நோய் முற்றிய நிலையில் உள்ள அவரது இரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழுக்கள் இருப்பதில்லை. நுண்புழுக்களைச் சுமப்பவரோ பல ஆண்டுகள் எந்தக் குறையும் இன்றி நடமாடுவார். அவர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம்.

சோதித்துப் பார்த்து, நுண்புழு உள்ளவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் என்ன? நம் பகுதியில் நுண்புழுக்கள் இரவில்தான் தோலை ஒட்டிய இரத்தக் குழாய்களுக்கு வருகின்றன. ஆகவே இரவு 10 மணிக்குமேல் இரத்தம் எடுக்க வேண்டும். ஒரு மாவட்டத்து மக்கள் அனைவரையும் நள்ளிரவில் எழுப்பிச் சோதிப்பது நடவாத காரியம். எனவே 1996-97-இல் கடலூர் உள்ளிட்ட 13 மாவட்டங்களில், எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை டைஎதில்கார்பமசின் மாத்திரை கொடுக்கும் முறை முன்னோடியாகத் தொடங்கியது. 2004-இல் அது நாடு தழுவிய திட்டமாயிற்று. வயது வந்தவருக்கு 100 மில்லிகிராம் மாத்திரைகள் மூன்று. பின்னர் அல்பெண்டசோல் ஒன்றும் சேர்ந்தது. மருந்து நுண்புழுக்களை அழித்துவிடும். தாய்ப்புழுக்கள் எல்லாம் மடிவதில்லை. அவை ஏறத்தாழ ஐந்தாண்டுகள் வாழக்கூடியவை. ஆகவே குறைந்தது ஐந்து ஆண்டுகள் மருந்து தர வேண்டும். ஒவ்வொரு முறையும் மக்களில் 65 சதவிகிதத்தினராவது அதை உட்கொள்ள வேண்டும்.

மாத்திரையா, உப்பா?

வேறொரு வழியும் உண்டு. 1980-களில் காரைக்காலில் இதே மருந்தைச் சமையல் உப்பில் மிகச் சிறிய அளவு கலந்து கொடுத்தார்கள். நுண்புழு உடையோர் தொகை பெரிதும் குறைந்தது. சீனாவும் இம்முறையைக் கையாண்டது. மருத்துவ நோக்கில் இது நல்ல வழி. ஆனால், மாத்திரையை "வேண்டாம்" என்று மறுக்கலாம். கடையில் அந்த உப்பு மட்டுமே இருந்தால் எப்படி மறுப்பது? மறுக்கும் வாய்ப்புக் குறையக் குறைய, முன்கூட்டியே விளக்கிச் சொல்லும் பொறுப்பு அரசுக்குக் கூடுகிறது.

மருத்துவ அறம் கேட்பது

பிறர் நலனுக்காகவும் ஒருவரை மருந்து உண்ணச் சொல்லும்போது, அவருக்குச் சில உரிமைகள் பிறக்கின்றன. கருவுற்ற பெண்களுக்கும், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும், கடும் நோயுற்றவர்களுக்கும் இம்மருந்து தரப்படுவதில்லை. இதைக் கேட்டறியாமல் மாத்திரையை நீட்டக் கூடாது. மருந்துண்ட சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, தலைசுற்றல் வரலாம். உடலில் நுண்புழுக்கள் மடிவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். இதை முன்பே சொல்லியிருந்தால் மக்கள் அஞ்சமாட்டார்கள்; சொல்லாமல் விட்டால் அடுத்த ஆண்டு மாத்திரையை வாங்கிப் பரணில் போடுவார்கள்.

ஏற்கெனவே கால் வீங்கியவருக்கு இந்த மாத்திரையால் வீக்கம் வடிந்துவிடாது. நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு காலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, புண் வராமல் காப்பதே அவருக்குத் துணை. விரைவீக்கத்தை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். அடுத்த தலைமுறையைக் காக்கும் திட்டம் இவர்களை மறந்துவிடுமானால் அது அரைகுறைத் திட்டமே.

இலங்கை இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாதபடி ஒழித்துவிட்டதை 2016-இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. இந்தியா 2027-ஐ இலக்காகக் கொண்டுள்ளது. கொசு இருக்கும்வரை, ஒழிந்த நோயும் திரும்பக்கூடும். எனவே இரவில் இரத்தம் எடுக்கச் சுகாதாரப் பணியாளர் வந்தால், எதற்காக என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. தக்க விடை கிடைத்தால் விரலை நீட்டுங்கள்.